தேதியைப் பின்னால் திருப்பிய கை

என் உயிரான மரியக்கா,

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. சாந்தன்பாறையில் மழை இன்னும் விடவில்லை. நாளைக்கு தேவிகுளத்தில் விசாரணை. அங்கே வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிவிட்டால் இந்த நடுக்கம் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

எஸ்டேட் கொடுத்த உன் லயத்து வீட்டுச் சுவர் வெடித்துப்போச்சு என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாய். மூன்றையும் வாங்கி எஸ்டேட் ஆபீசில் லய ரிப்பேர் ஃபைலில் கோர்த்தது டைப்பிஸ்டான நான்தான். "உள்ளங்கை நுழையுதுட்டி ஞானம், மேலே சொல்லு" என்றாய். "ஃபைல்ல இருக்குல்லாக்கா, பாப்பாங்க" என்றேன். ஃபைலில் இருந்தால் போதும் என்று எப்படி நம்பினேன்? காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் நீ படுத்திருந்த அன்று, காலை பதினோரு மணிக்கு அந்தச் சுவர் உன்மேல் விழுந்தது.

உன்னை அடக்கம் பண்ணி எட்டாம் நாள் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் அவர்தான் மூத்தவர். மேனேஜர் நினைப்பதெல்லாம் அவர் வாயால்தான் வரும். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். சுவர் ஆபத்தென்று லயத்தைக் காலி செய்யச் சொல்லி உனக்கு நோட்டீஸ் கொடுத்தார்களாம், நீ மாட்டேன் என்றாயாம்.

"இதை டைப் அடி. சுவர் விழுறதுக்கு ஒரு மாசம் முந்தின தேதி போட்டு சீல் வை."

"சார், அப்படி ஒண்ணும் கொடுக்கலையே..."

"உங்க அம்மா எந்த லயத்துல இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். குரல்கூட உயரவில்லை.

அடித்தேன். தேதி முத்திரையின் சின்னச் சக்கரங்களை நகத்தால் பின்னால் தள்ளினேன். நாள் நகர்ந்தது, மாதம் நகர்ந்தது, வருஷம் எழுபத்தெட்டு மட்டும் அப்படியே நின்றது. அழுத்தினேன். நீ சொல்லாத ஒன்றைச் சொன்னதாக என் கையே ஆக்கிவிட்டது அக்கா.

ஃபைல் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்றைக்கு ஃபைலைத் திறந்தோம், எதைச் சேர்த்தோம், எதை மாற்றினோம் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டைப் பற்றி ரைட்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்து அன்றைய உண்மையான தேதியைப் போட்டு, 'காலி நோட்டீஸ் சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதே. பழக்கத்தில் எழுதினேனா, வேண்டுமென்றே எழுதினேனா? எனக்கே தெரியவில்லை. எழுதி முடித்து ஃபைலை அலமாரியில் வைத்தேன்.

மறுவாரம் சர்க்கார் லேபர் ஆபீசர் வந்தார். மலையாளி. நோட்டீசைப் படித்துத் தலையாட்டிவிட்டு ஃபைலை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் அவர் விரல் அட்டையில் நின்றது.

"நோட்டீஸ்ல மே மாசம். இதுல பார்த்தா அந்தப் பெண்ணு மரிச்சு எட்டு நாள் கழிச்சு ஃபைல்ல சேர்த்திருக்கு. இது யாரு எழுதினது?"

ரைட்டர் என்னைப் பார்த்தார். "பேடிக்கண்டா, பறயு" என்றார் ஆபீசர். பயப்படாமல் சொல்லணுமாம்! "நான்தான் சார்" என்பது மட்டும் வந்தது. மீதி வரவில்லை. அவர் ஃபைலைக் கட்டி ஜீப்பில் எடுத்துப் போய்விட்டார்.

போகிற போக்கில் உன் வரிசை லயத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எல்லாரும் இப்போது கோயில் ஹாலில் இருக்கிறார்கள். போன வியாழக்கிழமை உன் பக்கத்து வீட்டு அன்னம்மாவின் சுவரும் விழுந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உனக்கு ஏன் இது கிடைக்கவில்லை?

என்னை ஆபீசிலிருந்து எடுத்துக் களைவெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று ஒற்றையடிப் பாதையில் ரைட்டர் எதிரே வந்து நின்றார். "சீட்டுல தேதியைத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிரு. எல்லாம் பழையபடி ஆயிரும்" என்றார். சுற்றிலும் ஏலச்செடியைத் தவிர ஒரு ஆள் இல்லை. நான் தலையை ஆட்டினேனா? ஆட்டிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். சுள்ளியை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு, "லயம் போனா போவுது. அவளும் ஒரு லயத்துலதானட்டி இருந்தா" என்றாள்.

நோட்டீஸ் பொய், அதற்குத் தேதி திருப்பியது இந்தக் கை என்று நாளை நான் சொல்ல வேண்டும். என்மேலும் கேஸ் வரலாம். அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மலையை விட்டு இறங்கினால் நமக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் அக்கா, பயம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று இனி காத்திருக்க மாட்டேன். நடுங்கிக்கொண்டே சொல்வேன். குரல் உடைந்தால் உடைந்த குரலில் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
ஞானம்