இரண்டு நீலப் பட்டைகள்

ஜூன் 4

வாலுவின் அம்மாவுக்கு,

நம் மகளை, பெரியவர் துணையில்லாமல், சிநேகிதியோடு மட்டும் தீம் பார்க்குக்கு அனுப்பியிருக்கிறாய். எனக்குச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நான் போன் செய்தபோது, “அம்மா டிக்கெட் வரிசைல நிக்கிறாங்கப்பா” என்றாள். அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான் என்று இப்போது தெரிகிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். லீவு முடிந்து நேற்று வந்து இறங்கியவள் பையைக் கூடத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஜிப் பல் விலகியிருந்தது. பை வியாபாரியின் கை சும்மா இருக்குமா? ரிப்பேருக்கு வரும் எந்தப் பையிலும் பக்கவாட்டு அறையைத்தான் முதலில் துழாவுவேன். ஆட்கள் மறந்துவிட்டுப் போவதெல்லாம் அங்கேதான் கிடக்கும். இதில் பார்க் வாசலில் கையில் கட்டிவிடும் காகிதப் பட்டைகள் இரண்டு கிடந்தன. இரண்டும் நீலம். சிறுவருக்கு நீலம், பெரியவருக்குச் சிவப்பு என்று பட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

குளித்துவிட்டு வந்தவளிடம், “அம்மாவோட பட்டை எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அம்மா அன்னிக்கு ஆபீஸ்ப்பா.” சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். முடி காய்ந்த பிறகும் துவட்டினாள்.

நாம் ஆளுக்கொரு ஊரில் இருப்பது என்று முடிவு செய்த அன்று ஒன்றே ஒன்றுதான் பேசினோம். பிள்ளை விஷயத்தில் இரண்டு பேரும் தலையாட்டாமல் எதுவும் நடக்கக் கூடாது. போனில் பேசினால் குரல் ஏறுகிறது, எழுதினால் கை வலிக்கிற இடத்தில் கோபமும் நிற்கும் என்று கடிதத்துக்கு மாறினோம். பார்க்குக்குத் தனியாக எப்போது விடலாம் என்று நீ கேட்டதற்குப் பதினைந்து முடியட்டும் என்றேன். அவளுக்கு இப்போதுதான் பதின்மூன்று.

நான் கண்ணை மூடிக்கொண்டு மாட்டேன் என்கிறவன் இல்லை. புதுக் கம்பெனிப் பை வந்தால் அதில் மணல் மூட்டையைப் போட்டுக் கடையில் தொங்கவிடுவேன். ஒரு வாரம் கைப்பிடி தாங்கினால்தான் சரக்கு எடுப்பேன். வாலுவையும் அப்படித்தான் நூலகத்துக்கு ஒரு முறை, பல் டாக்டரிடம் ஒரு முறை என்று தனியாக அனுப்பிப் பழக்கினேன். நன்றாகவே போய்வந்தாள். பரிசாக வாட்ச் வாங்கிக் கொடுத்தது உனக்கே தெரியும்.

அடுத்த மாதம் நானும் அங்கேயே வந்துவிடட்டுமா என்று நீ எழுதியதிலிருந்து மாடி அறையைக் காலி செய்து, பெயின்ட் அடித்து, ஜன்னல் கொக்கியெல்லாம் மாற்றி வைத்திருக்கிறேன். நேற்று அங்கே போய் நின்றேன். வாசனை இன்னும் போகவில்லை. என்னிடம் மறைக்கிற ஒருத்திக்கா இதையெல்லாம் செய்தேன்?

பதில் போடு.

வாலு அப்பா


ஜூன் 9

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

அனுப்பியது நான்தான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். அவளைத் திட்டாதீர்கள்.

வாட்ச் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது என் அலமாரியில் இருக்கிறது. இந்த லீவுக்கு வந்த அன்றே கழற்றி வைத்துவிட்டாள். ஏன்டி என்று கேட்டேன். “அது நான் ஜெயிச்சது இல்லம்மா” என்றாள்.

நீங்கள் அவளைத் தனியாக அனுப்பிய ஒவ்வொரு முறையும் கடையின் டெலிவரித் தம்பியைப் பின்னாலேயே அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் முதுகில் கடைப் பெயர் போட்ட மஞ்சள் சட்டையோடு! நூலக வாசலில் வெயிலில் நின்றவரிடம் இவளே போய், “அண்ணா, நான் வர இன்னும் நேரமாகும், நிழல்ல உட்காருங்க” என்று பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறாள். பல் டாக்டரிடம் போன அன்று மழை. இரண்டு பேரும் ஒரே குடையில் திரும்பி வந்து, நம் தெரு முனையில் பிரிந்துகொண்டார்களாம்.

வீட்டுக்குள் வந்தால் நீங்கள் அவள் முதுகில் தட்டி, “தனியாவே போயிட்டு வந்துட்டியே, கெட்டிக்காரி” என்றீர்களாம். உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றாள். “அப்பா பொய் சொல்றார்னு அப்பாவுக்கும் தெரியும்ல?” என்று என்னைக் கேட்டாள்.

யாரும் பின்னால் வராத ஒரு நாள் வேண்டும் என்றுதான் என்னிடம் கேட்டாள். உங்களிடம் கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிட்டு ஆளையும் அனுப்பியிருப்பீர்கள். அன்று ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் இருட்டும் முன்னே வந்து நின்றாள். ராட்டினத்தில் தலைசுற்றி சிநேகிதி வாந்தி எடுத்தாளாம். முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய், சட்டையை அலசிக் கொடுத்து, அவள் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாம் இவளே பார்த்திருக்கிறாள். உங்கள் மணல் மூட்டையை விட அது கனம்தான்.

மாடி அறைக்கு வரத்தான் நான் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் எதையும் மாற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
வாலு அம்மா


ஜூன் 15

வாலுவின் அம்மாவுக்கு,

டெலிவரித் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். “பாப்பா சொல்ல வேணாம்னுச்சு, முதலாளி. நீங்க வேற அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க” என்றான். கல்லாவில் இருப்பவரைப் பார்த்தேன், அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தோள்பட்டியில் ஒரு தையல் விட்டுப்போனால் தடவிப் பார்த்தே சொல்கிறவன் நான். என் கடையில், என் வீட்டில் நடந்ததைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவனும் நான்தான்.

ஆள் அனுப்பியது பயத்தில். அதை வாலுவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். “அடுத்த தடவை அந்த அண்ணன் சட்டையையாவது மாத்தச் சொல்லுங்கப்பா” என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எங்களுக்குள் இனி ஒன்றும் இல்லை.

உன் விஷயம் வேறு. இந்த லீவு தொடங்கிய நாளிலிருந்தே உனக்கு எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதினாய். மாடி அறைச் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டாய். ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டு வருகிறேன் என்றாய். “நீங்கள் கொடுத்த வாட்சை வாலு கழற்றுவதே இல்லை” என்றும் எழுதினாய். அதைப் படித்த அன்று கடையில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர்களும் குடித்தார்கள்.

பார்க்குக்கு அனுப்பியதைக்கூட விட்டுவிடுகிறேன். பத்திரமாகத்தான் வந்துவிட்டாள். நான் ஒன்றும் தெரியாமல் பெருமை அடித்துக்கொண்டிருப்பதை நீ லீவு முழுக்க உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, இவள் இன்று எதை மறைக்கிறாள் என்று தினமும் உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. துணி மடிப்பதை நிறுத்திவிடு.

பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுது. அதில் இழுபறி செய்ய மாட்டேன்.

வாலு அப்பா


ஜூன் 21

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

வாட்ச் விஷயத்தை உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். நீங்கள் பயந்து ஆள் அனுப்பியதை மகள் மன்னித்துவிட்டாள். நான் பயந்து எழுதிய ஒரு வரிக்கு மட்டும் மன்னிப்பு இல்லையா?

பதினான்கு முடிந்ததும் அவளைத் தனியாக விடுங்கள். பின்னால் யாரும் வேண்டாம். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

திரை தைத்து முடித்துவிட்டேன். மடித்து வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு அம்மா


ஜூன் 28

வாலுவின் அம்மாவுக்கு,

நீ கேட்டதற்குச் சம்மதம். பின்னால் பேச்சு மாறாமல் இருக்க எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினான்கு முடிந்ததும் வாலு சிநேகிதியோடு எந்தப் பார்க்குக்கும் போகலாம். வாசல்வரை நம்மில் ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும், அதோடு திரும்பிவிட வேண்டும். மஞ்சள் சட்டையோ வேறு சட்டையோ, பின்னால் ஆள் போகாது. மத்தியானம் அவளாக ஒரு போன் செய்வாள், கேட்டதற்கு உண்மையைச் சொல்வாள். இருட்டும் முன் வாசலுக்கு வந்துவிட வேண்டும். இதை அவளிடம் படித்துக் காட்டினேன், சரி என்றாள்.

வாட்ச் உன்னிடமே இருக்கட்டும். முதல் தடவை தனியாகப் போய் வந்த பிறகு, வேண்டும் என்று அவள் கேட்டால் கொடு.

மாடி அறையில் நேற்று சூட்கேஸ் சரக்கை இறக்கிவிட்டேன். திரையை உன் ஜன்னலிலேயே மாட்டிக்கொள். பள்ளி நாளில் வாலு என்னிடம், லீவுக்கு உன்னிடம், முன்பு இருந்தபடியே. மாதம் ஒரு கடிதம், அவளைப் பற்றி மட்டும்.

வாலு அப்பா