இருபத்தொன்றாம் கால்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

ரம்லாவின் பார்சல் வந்துவிட்டது. பினாங்கு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சிப் சோதித்தோம். போன வருஷ ஆட்குறைப்பில் நான் எஸ்டேட்டுக்கே திரும்பி வந்தேன், அவள் தப்பித்தாள். நான் தாளில் எழுதி அனுப்பிய புரோகிராமை ஒரு சிப்பில் ஏற்றி, பஞ்சில் பொதிந்து அனுப்பியிருக்கிறாள். நாற்பது கால், முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல். கூடவே அதன் கையேடு, நகல் எடுத்தது, ஒரு கட்டு. மேலே "எல்லாத்தையும் படிடி, சோம்பேறி" என்று எழுதியிருக்கிறாள்.

ஒரு வருஷமாக அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததுதான் உறைக்கிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இது எதற்கென்று எனக்கே ஒருமுறை தெளிவாக எழுதிக்கொள்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டு மெஷின் இத்தனை நிமிஷம்தான் ஓட வேண்டும்; கூடினால் இலை சூடேறிக் கெட்டுவிடும். ஆட்கள் மறந்துபோகிறார்கள், மானேஜர் துரை கத்துகிறார், கடைசியில் எல்லாம் வயர்மேன் முருகையா தலையில் விடிகிறது— அதாவது என் அண்ணன் தலையில். இந்தச் சிப்பை வைத்து நான் செய்யும் பெட்டி, ஆள் தட்டிவிட்டதும் மெஷினை ஓட்டி, நேரம் பார்த்து நிறுத்தும்.

"நீ செஞ்சேன்னு சொன்னா துரை கிட்டயே விடமாட்டாரு. என் பேர்லயே இருக்கட்டும்லா" என்றான் அண்ணன். சரி என்றேன். பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? கொஞ்சம் வலித்தது. எழுதிவிட்டேன், போதும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சூட்டுக்கோலால் ஈயம் உருக்கிக் கம்பிகளை ஒட்டி முடித்தேன். சிப்பின் எந்தக் காலிலிருந்து எந்தக் கம்பியை எடுப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை. மெஷினை நிறுத்தும் கம்பிக்குப் பன்னிரண்டாம் கால். ஓட்டும் கம்பிக்கு இருபத்தொன்று. அது மூலையில் இருக்கிறது, என் தடித்த சூட்டுக்கோலுக்கு வசதி. வேறு காரணம் இல்லை.

பிளக்கைச் செருகியதும் உள்ளே ரிலே சுவிட்ச் ஒரு தடவை டக் என்றது, பிறகு அடங்கிவிட்டது. தூக்கத்திலிருந்து விழிக்கிறது போல என்று சிரித்துக்கொண்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

பெட்டி ஓடுகிறது! காலையில் அண்ணன் முதலில் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மெஷின் மெயினைப் போடுகிறானாம். துரை அவன் தோளில் தட்டினாராம். அண்ணி கோழி வாங்கி வந்தாள். ஈரலை எனக்கு வைத்தாள்.

23 செப்டம்பர், செவ்வாய்

உருட்டு மெஷின் ஆள் காளிமுத்து அண்ணன் கை.

மத்தியானம் பெரிய இடி, கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் நம் தொழிற்சாலையில் யாரும் சும்மா நிற்பதில்லை. மெஷின் தட்டில் ஒட்டிய இலையைச் சுரண்ட அதுதான் நேரம். மெயினை இழுத்துவிட்டுக் கை வைக்க வேண்டும் என்று பலகையில் எழுதித்தான் இருக்கிறது. யாரும் இழுப்பதில்லை. கரண்ட் திரும்பினாலும் யாராவது பெட்டியையோ பச்சைப் பட்டனையோ அழுத்தாமல் மெஷின் ஓடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்றைக்கு ஓடியது. தானாக. வலது கை, மூன்று விரல்.

ஏன் தானாக ஓடியது?

24 செப்டம்பர், புதன்

மெயினை இழுக்காதது ஆளின் தப்பு என்று ஆபீஸ் கிராணி அமிர்தலிங்கம் எழுதிவிட்டாராம். யாரோ பச்சைப் பட்டனில் சாய்ந்திருப்பார்கள் என்று லயன் வீடுகளில் பேச்சு. பெட்டியை ஒருவரும் நினைக்கவில்லை. கரண்ட் போனபோது பெட்டி பிளக்கில்தானே இருந்தது என்று அண்ணனைக் கேட்டேன். ஆமாம் என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

25 செப்டம்பர், வியாழன்

ரம்லா அனுப்பிய கட்டு. முன்பக்கப் படத்தோடு நான் மூடி வைத்த கட்டு. உள்ளே நாலைந்து வரி: கரண்ட் வந்து சிப் விழிக்கும் நொடியில் இன்னின்ன கால்கள் தாமாகவே கரண்ட் ஏறி உயர்ந்து நிற்கும், புரோகிராம் வந்து தாழ்த்தும்வரை. அந்த வரிசையில் இருபத்தொன்று இருக்கிறது. பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை உள்ள கால்கள் அப்படி இல்லை. சொல்லும்வரை சும்மா கிடக்கும்.

கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் என் கம்பி போய்ச் சேர்வது பச்சைப் பட்டனில். ஒரு தொடு தொட்டாலே மெஷின் பிடித்துக்கொள்ளும். தினமும் அண்ணன் மெயினைப் பின்னால் போட்டதால் தெரியாமல் போனது. அன்றைக்கு இரண்டுக்கும் ஒன்றாகக் கரண்ட் வந்தது.

அந்த டக். இந்தக் காதால கேட்டேனே. கேட்டுட்டுச் சிரிச்சேனே, பாவி.

26 செப்டம்பர், வெள்ளி

சாப்பிடவில்லை. தலைவலி என்று அண்ணியிடம் பொய்.

28 செப்டம்பர், ஞாயிறு

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காளிமுத்து அண்ணனுக்கு முழங்கைவரை கட்டு. பக்கத்தில் அவர் மனைவி மணியம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதுதான் பாஞ்சாலை. மெயின இழுத்திருக்கணும். இருபது வருசமா கரண்டு போனா சுரண்டுறோம், ஒருநாளும் அது தானா ஓடுனதில்ல. என் நேரம்."

"லயன காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றாள் மணியம்மா. "இந்தக் கைக்கு இனி எந்த எஸ்டேட்டுல வேல குடுப்பான்?"

நான் வாயைத் திறந்தேன். "ஆரஞ்சு இனிக்குதா?" என்று கேட்டேன். அதுதான் வந்தது. சீ.

29 செப்டம்பர், திங்கள்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை. ரோசாக், பழுதாகிவிட்டது என்று தொழிற்சாலையில் சொல்லிப் பெட்டியை ஏற்கெனவே கழற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"கம்பிய நல்ல கால்ல மாத்திக் குடு. மெசினும் பத்திரம், நாமளும் பத்திரம்."

"காளிமுத்து அண்ணன்?"

"நாம சொன்னா வெரலு மொளச்சிடுமா?"

"வீடு மிஞ்சும்ல?"

"அவனுக்கு மிஞ்சும். நமக்குப் போவும். எம்புள்ளைங்க எங்க படுக்கும்? சொல்லுலா, நீயே சொல்லு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பத்து நிமிஷ வேலை. கம்பியை மாற்றிவிட்டால் இந்தப் பெட்டி செய்த காரியத்துக்கு உலகத்தில் ஓர் அடையாளமும் மிஞ்சாது. சூட்டுக்கோல் காய்ந்துகொண்டிருக்கிறது. மாற்றத்தான் போகிறேன்.

மாற்றவில்லை. சூட்டுக்கோல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

1 அக்டோபர், புதன்

பெட்டியை மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் துரை முதலில் சிரித்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, பெட்டியைப் பழையபடி மாட்டச் சொன்னார். மோட்டார் கம்பிகளைக் கழற்றி அந்த இடத்தில் பல்பு வைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். அண்ணன் வைத்தான்.

கரண்டை மொத்தமாக நிறுத்திவிட்டு மறுபடி விட்டார்கள். பல்பு எரிந்தது. பச்சைப் பட்டன் பக்கம் யாருமே இல்லை. "மறுபடி" என்றார் துரை. மூன்று தடவை. மூன்று தடவையும் எரிந்தது.

"இதைச் செய்தது யார்?"

நான் என்றேன். துரை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

3 அக்டோபர், வெள்ளி

கிராணி எழுதிய தாளை மாற்றிவிட்டார்களாம். காளிமுத்து அண்ணனுக்கு வாட்ச்மேன் வேலை, வீடும் இருக்கிறது. அண்ணனுக்கு வேலை போய்விட்டது. மாதக் கடைசியில் லயனைக் காலி செய்ய வேண்டும்.

சாயங்காலம் மணியம்மா வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி.

"ஒன் பெட்டிதானா?"

"ஆமாக்கா."

முந்தானையை இழுத்துச் செருகினாள். போய்விட்டாள்.

2 நவம்பர், ஞாயிறு

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டோம். தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் தகரக் கொட்டகை. அண்ணனுக்கு மருந்தடிக்கும் வேலை, அண்ணிக்கும் எனக்கும் முட்டைக்கோஸ் வெட்டும் வேலை. பிள்ளைகள் இரண்டும் ஒரே போர்வையில் படுத்திருக்கின்றன. குளிர் இங்கே குறைவுதான் என்று நான் சொன்னேன். அண்ணி போர்வையை இழுத்துப் பிள்ளைகள் காலை மூடினாள்.

அன்றைக்கு ஆபீசிலிருந்து வந்ததோடு சரி, அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. "சாப்பிட்டாளான்னு கேளு" என்பான் அண்ணியிடம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

18 ஜனவரி 1987, ஞாயிறு

தண்ணீர் பம்புக்கு நேரம் வைக்கும் பெட்டி வேண்டுமாம் தவுக்கேக்கு. அண்ணன் அதை அண்ணியிடம் சொன்னான், அண்ணி என்னிடம் சொன்னாள். என்னால் முடியாது என்றேன். சூட்டுக்கோலைத் துணி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் அவனிடம் சொன்னாள். அவன் வெளியே போய்விட்டான்.

19 ஜனவரி, திங்கள்

ரம்லாவுக்குக் கடிதம் போட்டேன். இன்னொரு சிப் கேட்டிருக்கிறேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

சிப் வந்தது. கையேடு முழுவதும் படித்தேன், இரண்டு தடவை. இருபத்தொன்று கிடக்கட்டும் வெறுமையாக. இந்த முறை பன்னிரண்டும் பதின்மூன்றும். தவறியும் உயராதபடி ரெசிஸ்டர் போட்டுக் கீழே கட்டினேன். பல்பை வைத்துக்கொண்டு நாற்பது தடவை கரண்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன். டக் இல்லை. அண்ணன் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். தூங்கவில்லை, தெரியும்.

29 மார்ச், ஞாயிறு

பெட்டியை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. இன்று நாலு மணிக்கு இடி இடித்தது, கரண்ட் போய்விட்டது. கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டுப் பம்பை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னாலேயே அண்ணன் அங்கே இருந்தான். பக்கத்தில் நின்ற ஆட்களையெல்லாம் தூர விரட்டிவிட்டு, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு பம்பையே பார்த்தபடி நின்றான். பெட்டி என்ன செய்கிறதென்று பார்க்க, மெயினை மட்டும் இழுக்காமல் விட்டிருந்தான்.

நல்ல மழை. நானும் போய் நின்றேன். அரைமணி நேரம் இருக்கும்.

கொட்டகையில் விளக்கு எரிந்தது. அண்ணன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டான். டக் இல்லை, பம்பு சத்தமும் இல்லை.

"நிக்குது" என்றான். என்னைப் பார்த்து.

பிறகு போய் மெயினை இழுத்து அணைத்துவிட்டுத்தான், குழாய் வாயில் அடைத்திருந்த இலையை எடுக்கக் கை வைத்தான்.