ஜப்பான்காரனுக்குக் கொடுக்காத ஒரு நாள்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மிஷின் மணலைத் தின்றுவிட்டு நின்றுபோனது. குற்றவாளி நான்தான். நேற்றுக் கடலுக்குக் கட்டிக்கொண்டு போன கைலியையும் துண்டையும் உதறாமல் அப்படியே உள்ளே போட்டிருந்தேன். மகன் மூடியைக் கழற்றி, அடியில் கிடந்த மணலை ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேராக நீட்டினான். ஈரமும் உப்பும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்தது.

“எழுவது வயசுல ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல? பேக்டரிப் பொண்ணுங்களோட பஸ்ல ஏறிக்கிட்டு! அங்க என்னதான் இருக்கு? வாடகப் பாயி, பொரிச்ச கணவா, ஸ்பீக்கர்ல பாட்டு, குப்ப. பண்பாடுன்னு ஒண்ணு இருக்கா அங்க?”

அவன் பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார். கோயில் கமிட்டி, வாசகர் மன்றம் என்று சுங்கைப் பட்டாணியில் அவன் ஏறாத மேடை இல்லை. மேடையில் பண்பாடு பேசிப் பேசி, வீட்டிலும் அவனுக்கு அதே தொண்டைதான். அவனுக்குப் பதிலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். பயமெல்லாம் ஒன்றுமில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பீர்கள்.

நம் ரப்பர்த் தோட்டத்தில் நமக்கென்று எந்த நாள் இருந்தது, அண்ணி? விடியுமுன் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்க வேண்டும். பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, வாளி தூக்கு. தீபாவளி என்றாலும் பொங்கல் என்றாலும் ஆண்களுக்குத்தான் விடுமுறை. நாம் அடுப்படியில் வெந்துகொண்டிருப்போம். மாசி மகம் ஒன்றுதான் அடுப்புகூட இல்லாத நாள். தோட்டத்து அம்மன் கோயில் சூலத்தைப் பூசாரிப் பண்டாரம் தோளில் சாய்த்துக்கொள்ள, ரப்பர் ஏற்றும் லாரியில் எல்லாரும் ஏறி, கோத்தா கோலா மூடா பக்கத்துக் கடற்கரைக்குப் போவோம். அம்மன் நீராட அரை மணி நேரம் போதும். மிச்ச நாள் முழுக்க நமக்கு. முதல் நாளே கட்டிவைத்த புளிச்சோற்றைச் சவுக்கு மர நிழலில் தின்றுவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அந்தி வரை தண்ணீரில் கிடப்போம். மாமியார், மருமகள், கங்காணி மனைவி, கூலிக்காரி எல்லாரும் ஒரே அலையில் உருண்டு எழுவார்கள். வேறெங்கே அது நடக்கும்?

தோட்டத்துத் துரையும் துரைசாணியும் கூடத்தான் கடலுக்குப் போவார்கள். பினாங்கில் கடலோர பங்களா எடுத்து, போன கையோடு திரும்பாமல் வாரக் கணக்கில் தங்குவார்கள். அதற்குப் பெயர் ஓய்வு. நாம் ஒரு நாள் போனால் அதற்குப் பெயர் கூத்து. ஒரு மாசியில் நம் லாரி ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது கணக்கெழுதும் கிராணியின் மனைவி, “மாடு மாதிரி ஏறிக்கிட்டுப் போவுதுங்க” என்று சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. “ஆமாங்கம்மா, மாட்டுக்கும் தண்ணி காட்டணுமில்ல!” என்று லாரியிலிருந்தே நீங்கள் குரல் கொடுத்தீர்கள். லாரி குலுங்கச் சிரித்தோம். அப்போது நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த புதுப்பெண். அண்ணன் பெருமையும் பயமுமாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனான். ரப்பரை வாங்க ஆளில்லாமல், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். அரிசி போயிற்று, துணி போயிற்று. சாக்கைத் தைத்து உடம்பில் மாட்டிக்கொண்டோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று வந்து, அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ஒருநாள், நம் கெடா மாநிலத்தையே சயாமுக்குக் கொடுத்துவிட்டார்களாம் என்று கிராணி வந்து சொன்னார். கொடி மாறியது; நம்மை அறைந்த ஜப்பான்காரன் கை மாறவில்லை.

அந்த வருடம் மாசி நெருங்கியபோது லயத்து வரிசை வீடுகளில் யாரும் கடல் பேச்சே எடுக்கவில்லை. நீங்கள்தான் எடுத்தீர்கள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புருசன் உசுரோட இருக்கானா இல்லையான்னே தெரியல. இவளுக்குக் கடல்ல கும்மாளம் கேக்குது!”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “அழுவறதுக்கு வருசம் பூரா கெடக்கு, அத்த. சோத்த எடுத்துக்கிட்டான், துணிய எடுத்துக்கிட்டான், ஒங்க மவன எடுத்துக்கிட்டான். மிச்சமிருக்கறது இந்த ஒரு நாளு. அத நாமளே தூக்கிக் குடுக்கணுமா? நான் குடுக்க மாட்டேன்.”

 ஆனால் கடலுக்குப் புறப்பட்ட அன்று வழிக்கென்று கிழங்கு மூட்டையில் பாதியை அவித்து வைத்தது அம்மாதான்.

அனுமதி இல்லாமல் பத்துப் பேர் கூடி நின்றாலே அடி விழுகிற காலம். கிராணியிடம் போய் நின்றீர்கள். அவர் கைகளைப் பிசைந்துகொண்டு, ஜப்பான் ஜெயிக்க வேண்டிக்கொள்ளப் போவதாக ஆபீசில் இருந்த ஜப்பான்காரனிடம் சொல்லி உத்தரவு வாங்கி வந்தார். கூடவே நிபந்தனையும் வந்தது: சாமி கும்பிடலாம், குளிக்கக் கூடாது, ஆட்டம் பாட்டம் கூடாது, கரையில் காவலுக்கு நிற்கும் சிப்பாய் சொல்கிறபடி சக்கரவர்த்தியின் திசையைப் பார்த்து வணங்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். “சரிங்க கிராணியய்யா” என்று நீங்கள் தலையை ஆட்டிய ஆட்டலைப் பார்த்தபோதே ஏதோ செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு அவ்வளவு பணிவு வரவே வராது.

லாரிக்கு எண்ணெய் இல்லை. நடந்தோம். குழந்தைகளும் கிழவிகளும் மாட்டு வண்டியில் வந்தார்கள். ஆண்கள் என்று பண்டாரமும் கிராணியும் வேலைக்கு ஆகாத சில கிழவர்களும்தான், மற்றவர்கள் சயாமில். கடல் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

எங்களைத் தண்ணீர் விளிம்பில் வரிசையாக நிறுத்தினான். பண்டாரம் சூலத்தோடு இடுப்பளவு நீரில் இறங்கியிருந்தார். வணங்கச் சொன்னதும் நாங்கள் எல்லாரும் கைகூப்பிக் கடலைப் பார்த்துக் கும்பிட்டோம். வேறு எந்தப் பக்கம் கும்பிடுவோம்? அம்மன் தண்ணீரில் இருக்கும்போது அவளுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது நாம் பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். சிப்பாய் கத்தினான். சக்கரவர்த்தி இருக்கிறது கிழக்கே, கடல் இருக்கிறது மேற்கே, எல்லாரும் திரும்புங்கள் என்று கிராணி அவன் சைகையைப் பார்த்து எடுத்துச் சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். நீங்கள் திரும்பவில்லை.

“அம்மா, திரும்பும்மா! அவன் மொறைக்கிறான்!” என்று கிராணி கெஞ்சினார்.

“ஆத்தா இன்னும் தண்ணியில இருக்கா, அய்யா. அவ கரையேறட்டும், நான் திரும்பறேன்.”

அறை விழுந்த சத்தம் அலையையும் மீறிக் கேட்டது. நீங்கள் தண்ணீரில் சுருண்டு விழுந்தீர்கள். உதடு கிழிந்து ரத்தம். ஒரு குழந்தைகூட அழவில்லை, அண்ணி.  நீங்கள் எழுந்திருப்பீர்கள், அவன் மறுபடி அடிப்பான் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. அப்படியே தவழ்ந்து ஆழத்துக்குள் சரிந்து, தலை முழுகி, சற்றுத் தள்ளிப் போய் மேலே வந்தீர்கள். வாயிலிருந்த தண்ணீரைப் பீச்சி அடித்தீர்கள். “வள்ளி! என்னாடி மரம் மாதிரி நிக்கிற? தண்ணி நல்லா இருக்கு, வாடி!” என்று கூப்பிட்டீர்கள். எனக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் இறங்கினேன். என் பின்னால் கங்காணியின் மனைவி இறங்கினாள். பிறகு மொத்தத் தோட்டமும் சாக்குத் துணியோடு கடலுக்குள் இறங்கியது. கடைசியில் என் அம்மாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சிப்பாய் என்ன செய்வான்? துப்பாக்கியை நீட்டினான். அந்த நேரத்தில் கிராணிக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! அவன் முன்னால் போய் நின்று, தலை தரையில் இடிக்கும்படி குனிந்து, இதுதான் எங்கள் வழிபாடு, எல்லாரும் முழுகி எழுந்தால்தான் வேண்டுதல் பலிக்கும், ஜப்பான் ஜெயிக்கும் என்று தெரிந்த பாஷையிலும் சைகையிலும் அளந்துவிட்டார். அவன் நம்பினானா, பூட்ஸோடு இறங்கச் சோம்பல் பட்டானா, தெரியாது. காறித் துப்பிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்கு நாம் ஆடிய ஆட்டம்! பாதி வயிறு, உடம்பில் சாக்கு. கரையில் துப்பாக்கி வேறு. அதற்கு நடுவில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்தோம். பிள்ளைகளை மணலில் கழுத்து வரை புதைத்தோம். கிராணியை நான்கு பெண்கள் தூக்கிப் போய்த் தண்ணீரில் போட்டார்கள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் சிரித்ததில்லை.

மறுநாள் அதற்குக் கூலி கொடுத்தார்கள். சிப்பாய் சொல்லிவிட்டிருந்தான் போலிருக்கிறது. பிரட்டுக்களத்தில் உங்களை வெயிலில் நிறுத்தி, ஒரு கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கை இறங்கியபோதெல்லாம் அடி. பொழுது சாய்ந்த பிறகு நானும் அம்மாவும் உங்களைத் தாங்கிக்கொண்டு வந்தோம். “எதுக்கண்ணி இந்த வம்பெல்லாம்?” என்று நான் அழுதேன். கிழிந்த உதட்டோடு நீங்கள் சொன்னது, எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவிருக்கிறது.

“இன்னிக்கி அடிச்சிட்டான், சரி. நேத்துக் குளிச்சத எப்புடிடி திருப்பி எடுப்பான்?”

யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவர், அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார் என்றும், தன் கையாலேயே மண் தள்ளியதாகவும் சொன்னார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கருமாதியைக் கடற்கரையில் வைத்துக்கொள்வோம், அங்கேயே தாலியை இறக்கிக் கடலில் விட்டுவிடலாம் என்றார்கள். அவ்வளவு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அப்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

“கெணத்தடியில எறக்குங்க. எங்க வேணும்னாலும் எறக்குங்க. கடல்ல மட்டும் வேணாம். நான் அங்க அழுவ வர மாட்டேன்.”

கிணற்றடியில்தான் இறக்கினார்கள். நீங்கள் அழுத அழுகையில் லயத்துச் சுவர்கள் இடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் அடுத்த மாசியில், லாரி வந்து நின்றதும் முதலில் ஏறியது நீங்கள்தான். தாலி அறுத்தவள் முன்னால் ஏறலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். “பின்னாடி ஏறுனா காத்து வராது” என்று சொல்லிவிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டீர்கள்.

இப்போது அந்தப் பக்கத்துக் கரைக்கு மெர்டேக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுதலைக் கடற்கரை! வரிசையாக வாடகை அறைகள், பொரித்த கணவாய்க் கடைகள், காற்றடித்த ரப்பர் வளையங்கள். ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. என் மகன் சொன்ன குப்பை, கூச்சல் எல்லாம் உண்மை. நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே யார் வருகிறார்கள் என்று அவன் பார்த்தானா? வாரம் முழுக்க மிஷின் முன்னால் நின்று கால் வீங்கிய பெண்கள் வருகிறார்கள். பால்மரக் காட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். மலாய்க்காரக் குடும்பமும் சீனக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து தின்கிறார்கள். பெரிய ஹோட்டலுக்குப் போக முடியாதவர்கள், யாருக்கும் சலாம் போடாமல் ஒரு நாளைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள். உழைக்கிறவர்கள் உழைக்காத நாளில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதில் பண்பாடு இல்லையென்றால், அவன் மேடையில் மட்டும் அது எப்படி வந்து உட்கார்ந்திருக்கும்? இன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை அவன் முகத்துக்கு நேராகவே கேட்கப்போகிறேன்.

உங்கள் சாம்பலையும் கடலில் கரைக்கக் கூடாது என்று சொல்லிவைத்துவிட்டுப் போனீர்கள். மூடா ஆற்றில் மேலே எங்கோ கரைத்தோம். ஆறு எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! பெரிய கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கரையில் நின்று உங்களுக்காக யாரும் அழவில்லை.

நேற்றுத்தான் கொஞ்சம் தடுமாறிவிட்டேன், அண்ணி. முழங்கால் வரை இறங்கியதும் நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.  கண் நிறைந்துவிட்டது. அழுவதற்கு வீடு இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது. இங்கே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் யாரோ ஒரு பேக்டரிப் பெண், முன்பின் தெரியாதவள், கைலியைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து நின்றாள். இரண்டு கையாலும் தண்ணீரை வாரி அவள் முகத்தில் ஓங்கி அடித்தேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, என் வயதைக்கூடப் பார்க்காமல், திருப்பி அடித்தாள்.

உங்கள்
வள்ளி