சல்லடை மெஷினில் நீ அடித்த பச்சைப் பெயிண்ட்

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியோடு போராடி நீ கண்ணை மூடி இரண்டு தீபாவளி போய்விட்டது. இன்னும் தேயிலைத் தூள் மணக்க யாராவது என்னைத் தாண்டிப் போனால் திரும்பிப் பார்க்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் கடுதாசி எழுதுகிறானே என்று சிரிக்காதே. இந்த மலையிலேயே என் கையெழுத்துதான் அழகு என்று கணக்கெழுதும் கிராணியே சொல்லியிருக்கிறார்.

உன் மகள் மலரைத் தேயிலை ஃபேக்டரியில், நீ நின்ற அதே சல்லடை மெஷினில் போட்டுவிட்டார்கள். கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரக் கையால் தொட்டால் சுருக்கென்று கரண்டு அடிக்குமே அது! நீங்கள் எல்லோரும் திருநீறு பூசி, காய்ந்த சாக்கைக் காலடியில் போட்டுக்கொண்டுதான் அதன் முன்னால் நிற்பீர்கள். "கடிக்குது தம்பி, நாய்க்குட்டி மாதிரி" என்பாய். நாய்க்குட்டி வளராது என்று யார் சொன்னது அக்கா?

இந்த வருஷம் பழைய ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வெளி லைன் கரண்டு இழுத்தார்கள். ஈப்போவிலிருந்து மாணிக்கம் என்று ஒரு வயர்மேன் வந்தான். தோட்டத் துரை என்னைத்தான் துணைக்குப் போட்டார். என்னை விட்டால் ஆள் ஏது? ஃபேக்டரிக்குப் பின்னால் ஆள் உயரச் செம்புக் கம்பியை மண்ணில் இறக்கினோம். நான் மூன்றே அடிதான் அடித்தேன், மலையே ஒரு தரம் குலுங்கியது. அந்தக் கம்பியிலிருந்து மெயின் போர்டுக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், இரும்புத் தூணுக்கும், ஒவ்வொரு மெஷின் உடம்புக்கும் வயர் போட்டு, கிளாம்பு என்ற இரும்புப் பிடியால் கவ்வவைத்துப் பிணைத்தோம். கரண்டு கசிந்தால் மனுஷனைத் தேடாது. வயரோடு ஓடி ஃபியூஸைப் பிடுங்கிவிடும்.

கடைசியில் மாணிக்கம் மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லா மெஷினிலும் முள் ஆடியது. உன் மெஷினில் மட்டும் அசையவில்லை.

"யாருண்ணே இதுல பெயிண்டு அடிச்சது?"

"நாங்கதான்," என்றாள் உன் கூட்டாளி பாப்பாத்தி. "ஆயுத பூசைக்கு வருஷா வருஷம் அடிப்போம்லா. மெஷினுக்குப் புதுத்துணி வேணாமா?"

"நல்லா உடுத்தி விட்டீங்க! கிளாம்பு பெயிண்ட்டப் புடிச்சிக்கிட்டு நிக்குது, இரும்பத் தொடவே இல்ல. சொரண்டுங்க."

நான்தான் சுரண்டினேன். மேலே வெள்ளி நிறம், அதன் அடியில் பச்சை. அந்தப் பச்சை நீ அடித்தது. கை நின்றுவிட்டது.

"என்ன மாமா, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் மலர்.

"பெயிண்டுத் தூளு கண்ணுல விழுந்திருச்சி, போம்மா."

உன்னை அதிலேயே விட்டுவைக்க ஆசைதான். ஆனால் அவள் நிற்கிறாளே. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிக் கிளாம்பை முறுக்கினேன். முள் துள்ளியது. மாணிக்கம் கரண்டைப் போட்டு, தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம் மலர் கையை வைத்தாள்.

நான்தான் முதலில் தொட்டேன் என்று கம்போங் ராஜா ஊர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், அவள் தொட்டபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "ஒன்னும் இல்ல மாமா" என்றாள். குரல் அப்படியே உன்னுடையது. கண்ணைத் திறக்க மனசு வரவில்லை.

இனி ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்த மெஷின் பக்கத்தில் நான் நிற்பேன். மற்ற இடமெல்லாம் அவர்கள் இஷ்டம் போல் பூசட்டும். கிளாம்பு பிடிக்கும் அந்த உள்ளங்கை அகல இரும்பில் மட்டும், துரையே பிரஷோடு வந்தாலும் விடமாட்டேன்.

மலருக்குத் தாய்மாமனாய் நீ விட்டுப்போன
உன் தம்பி