பாதியாக எழுதிய தண்ணீர்க் கணக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று போனில் சொன்னது முழு உண்மை இல்லை, உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

அப்பாவின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் சுற்று மருந்து ஏறிய மறுவாரம் அவருக்கு ஒரு தாகம் பிடித்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கழிவறைக்கு ஓடினார். "இருவது வருஷம் பஸ் ஓட்டுறப்ப அடக்கி வச்சதெல்லாம் வட்டியோட வருதுடி" என்று சிரித்தார். குடிப்பதையும் போவதையும் அளந்து எழுதச் சொல்லி நர்ஸ் ஒரு தாள் தந்தார். அப்பா, "பாதியா எழுது, முழுசா எழுதினா வீட்டுக்கு விடமாட்டாங்க" என்று கெஞ்சினார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஆசை எனக்கும்தான். மூன்று நாள் பாதியாகவே எழுதினேன். நாலாம் நாள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார், தாகம் அடங்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீருக்கு எழுப்பாமல் விட்டுவிட்டேன். சாயங்காலம் கண் விழித்து, "மேடம், நீங்க எந்த ஸ்டாப்புல எறங்கணும்?" என்றார். வழக்கமான கிண்டல் என்று சிரித்தேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டபோதுதான் நர்ஸிடம் ஓடினேன்.

ரத்தத்தில் உப்பு தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டரம்மா என் தாளைப் புரட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை, "மொத நாளே தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார், திட்டியிருக்கலாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம், உடம்பில் தண்ணீரைத் தங்க வைக்கும் ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறதாம். நோய் அங்கேயும் போய் அதை நிறுத்திவிட்டது, அதனால் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே போய்விடும், குடிக்காமல் கிடந்தால் உப்பு ஏறிவிடும், லட்சத்தில் ஒருவருக்கு வருவது என்றார். மூக்கில் அடிக்கும் மருந்தும் டிரிப்ஸும் கொடுத்ததில் மூன்று நாளில் தெளிந்துவிட்டார், என்னை மறுபடி 'டி' போட்டுக் கூப்பிடுகிறார். ஆனால் இதுவும் சேர்ந்து வந்தால் நோய் மருந்துக்கு எளிதில் அடங்காது என்று டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாதக் கடைசியில் அடுத்த சுற்று, அதைத் தாங்குவாரா தெரியவில்லை.

"அவளுக்குப் பரீட்சை, வாயத் தொறக்காத" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன், உன்னிடமும் பாதி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பரீட்சையை அடுத்த தடவை எழுதலாம், மாதக் கடைசிக்கு முன்னால் புறப்பட்டு வா. கம்பளிச் சட்டையை மறக்காதே, வார்டில் குளிர் அதிகம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார், அங்கே வைத்து அழாதே. நீ நன்றாக இருப்பாய், நல்லபடியாக வந்து சேர். ஏன் வந்தாய் என்று திட்டுவார். திட்டுவதற்கு அவருக்குத் தெம்பு இருக்கும்போதே வந்து வாங்கிக்கொள்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா