பச்சை விழுந்த வெள்ளிக்கிழமை

ஆடி 9, வெள்ளி

காலை முதல் கரண்ட் இல்லை. புழுக்கம். கூடத்தில் இருந்தவர்கள்: நான், மகன் ராசு, அவன் மகள் செல்வி, செல்விக்கு ஆபீசில் மேலே இருக்கும் ஜெகன். ராசு வேலை பார்க்கும் மில்லில் சூப்பர்வைசர், இந்த ஜெகனின் அண்ணன். நாலு பேருக்கும் விசிறி வீசியது நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குச் செல்வி செய்த வெப்சைட். திங்கள் தேர். அதற்காகத் தேர்ப் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேலே ஒட்டச் சொன்னான் ஜெகன். ஒட்டினாள். டெஸ்ட் ஓட்டினாள். எல்லாம் பச்சை; பச்சை என்றால் சரியாம்.

செல்வி: "அண்ணே, இது சர்வருக்குள்ள ஓடுத பாவனை பிரௌசர். பட்டன் இருக்கா, அமுக்குனா ஆர்டர் போகுதான்னு மட்டும் பாக்கும். எது மேல எது கெடக்குன்னு அதுக்குத் தெரியாது. நெசப் போன்ல ஒருக்கப் பாத்துட்டுப் போடுவோம்."

ஜெகன்: "பச்சை விழுந்துட்டுல்லா, பொறவு என்ன. போட்டு விடு, நான் பாத்துக்கிடுதேன்."

ராசு: "ஏட்டி, சார் சொல்லுதாருல்லா. செய்யி."

ஜெகன் காப்பி இரண்டு குடித்தான். தம்ளரை ஓரமாகக்கூட வைக்கவில்லை.

பொறவு செல்வியிடம் கேட்டேன். திரையே இல்லாத பிரௌசராம். எனக்குப் புரிந்தது: கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு என்று சீட்டில் எழுதியிருக்கும். கதவை மறித்துப் பீரோ கிடப்பது சீட்டில் இருக்காது.

ஆடி 12, திங்கள்

ஸ்ரீவி. தேர். நல்ல வெயில். நானும் செல்வியும் பஸ்ஸில். இறங்கியதும் மோர். குடித்து முடிக்கவில்லை, கடைக்காரர் போன். "ஏம்மா, காலையில இருந்து ஒத்தை ஆர்டர் வரலை. தட்டு தட்டாக் கிண்டி வச்சிருக்கு."

என் போனில் திறந்து பார்த்தேன். தேர் இருந்தது. வடம் இருந்தது. ஆர்டர் பட்டன் தேர்ச் சக்கரத்துக்கு அடியில்.

செல்வி ஒரு கடை வாசல் படியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். தேர்ப் படத்தை நீக்கும் முன் டெஸ்டை இன்னொரு தடவை ஓட்டினாள்.

"இப்பவும் பச்சைதான் காட்டுது அப்பத்தா."

தேர் எங்களைத் தாண்டிப் போனது. அவள் தலை நிமிரவில்லை.

ஆடி 13, செவ்வாய்

ஜெகன் ஆபீஸ் முதலாளியிடம் சொன்னானாம்: "போன்ல பாத்துட்டுப் போடுன்னுதான் சொன்னேன். அவ பாக்கலை." அவள் சொல்லையே திருடி அவள் மேல் எறிந்திருக்கிறான். வேலை போய்விடும் என்று அழுதாள்.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நான் போனேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தை வாசித்தேன். முதலாளி மரியாதைக்காரர்.

"ஆச்சி, நீங்க பேத்தி பக்கந்தான் எழுதுவிய. அவ அப்பாவும் இருந்தாருன்னு போட்டிருக்கே. அவரு சொல்லட்டும், நான் விட்டுருதேன்."

ராசுவுக்குப் போன். ஸ்பீக்கரில்.

"நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன் சார். இவுக பேசுனது காதுல விழலை."

பக்கத்தில் நின்ற ஜெகன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஆடி 15, வியாழன்

து. பருப்பு, புளி, ரேழி பல்பு வாங்க வேண்டும். செல்வி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். காலையில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

ராசு சாப்பிட்டான். "மில்லு வேலையையும் பாக்கணும்லாம்மா. சூப்பர்வைசர் தம்பியை எப்படிக் காட்டிக் குடுக்க?" தட்டைப் பார்த்தே பேசினான். ஆறாவது படிக்கையில் தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டுத் தங்கச்சி பேரைச் சொன்னவன். அன்றைக்கும் தட்டைத்தான் பார்த்தான். குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜெகன் ஊரான். அவனைத் திட்டித் தீர்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. டிவி ஓடவில்லை. வீசிய கை என் கை. அதிகம் வீசியதும் அவனுக்குத்தான், மில்லில் இருந்து களைத்து வந்தான் என்று. சாகும்வரை மன்னிக்கமாட்டேன், ராசுவை.