எதையும் தாங்காத முட்டு

லிங்கராஜபுரம், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்புள்ள தவமணிக்கு,

உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். சாரத்திலிருந்து போன் விழுந்து உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். விழுந்தது போன் மட்டும்தான். எனக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இந்த சர்ச் வேலை உயிரை வாங்குகிறது. கோதிக் பாணியாம். உயரமான ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி, கூரையின் உட்புறம் விலா எலும்பு மாதிரி வரிகள், ஆர்ச் எல்லாம் உச்சியில் கூராக இருக்கணும். நான் பழக்கதோஷத்தில் நடுவில் ஒரே ஆணி அடித்து, நூல் பிடித்து, அரைவட்டமாகக் கட்டிவிட்டேன். இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து இரண்டு வளைவு இழுத்தால்தான் கூர் வருமாம். ஆறு ஆர்ச்சையும் இன்ஜினியர் கிரண் இடிக்கச் சொன்னார். இடிக்கும்போதுதான் போன் போனது.

அதைவிட எரிச்சல், சுவருக்கு வெளியே தள்ளி நின்று முட்டுக் கொடுக்கிற மாதிரி அரை ஆர்ச் கட்டச் சொல்வது. அந்தக் காலத்தில் கல் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளுமாம், அதைத் தாங்கத்தான் இது. “நம்ம பில்லர்ல கம்பி இருக்கே சார், இது எதைத் தாங்குது?” என்று கேட்டேன்.

“எதையும் இல்ல மேஸ்திரி. பார்க்க அழகா இருக்கும்.”

ஒரு வாரமாக அதற்குத்தான் பூசுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் தூக்குக்குண்டும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பு. கடை ஊறுகாய் இனிக்கிறது. சிமென்ட் லாரி வந்துவிட்டது, போகணும். மழையில் சாய்ந்த நம் பின்சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிற பனங்கட்டையை, நான் வரும்வரை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்.

ஏகாம்பரம்